பந்துக்குப் பஞ்சமா, விக்கெட்டுக்குப் பஞ்சமா?

1975 ஜூன் 7, லார்ட்ஸ் மைதானம். ஆண்கள் கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பை அன்றுதான் தொடங்கியது. அப்போது ஒருநாள் ஆட்டம் 60 ஓவர். இங்கிலாந்து 4 விக்கெட் இழப்புக்கு 334 ரன் குவித்தது. அடுத்து இறங்கிய இந்தியா 60 ஓவரையும் முழுதாக ஆடி, 3 விக்கெட் இழப்புக்கு 132 ரன் எடுத்தது. தொடக்க வீரர் சுனில் கவாஸ்கர் கடைசிவரை அவுட்டே ஆகவில்லை. அவர் எடுத்தது 174 பந்தில் 36. ஏழு விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே 202 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

2021 ஜனவரி 11, சிட்னி மைதானம். ஆஸ்திரேலியாவோடு டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 407. இனி அது எட்டாது என்று ஆனபிறகு, தொடைத்தசைக் காயத்தால் ஓடவே முடியாத ஹனுமா விஹாரியும் முதுகுவலியோடு நின்ற அஷ்வினும் 40 ஓவருக்கு மேல் கட்டை போட்டார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஷ்வின் 128 பந்தில் 39. ஆட்டம் டிரா. முடிவில் இந்தியாவின் ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 334. லார்ட்ஸில் இங்கிலாந்து எடுத்த அதே எண்.

இரண்டுமே ஆமை வேக ஆட்டம்தான். முதலாவது அரை நூற்றாண்டு கழிந்தும் குறையாகவே பேசப்படுகிறது. இரண்டாவதை இந்திய கிரிக்கெட்டின் பெருமைகளில் ஒன்றாக வைத்துக் கொண்டாடுகிறோம். ஏன் என்று புரிந்துவிட்டால், ஒரு தேசிய அணி டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க ஏன் இவ்வளவு திண்டாடுகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

எந்த வடிவமாக இருந்தாலும் ஒரு அணியின் கையில் இருப்பது இரண்டே செல்வம்: பந்துகள், விக்கெட்டுகள். எது குறைவாக இருக்கிறதோ அதைத்தான் பொத்திப் பொத்தி ஆட வேண்டும்.

டி20யில் ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்து, 10 விக்கெட். வகுத்துப் பார்த்தால் ஒரு விக்கெட்டுக்கு 12 பந்து. ஒருநாள் ஆட்டத்தில் 300 பந்து, அதே 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. டெஸ்டில் நாளுக்கு 90 ஓவர் வீதம் ஐந்து நாளில் 450 ஓவர், அதாவது 2,700 பந்து. இரு அணிக்கும் இரண்டிரண்டு இன்னிங்ஸ் என்பதால் மொத்தம் 40 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ 67 பந்து வருகிறது.

12, 30, 67. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி20யில் பந்துக்குத்தான் பஞ்சம். 20 பந்தில் 15 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நிற்பவரைவிட, 6 பந்தில் 15 அடித்துவிட்டு அவுட் ஆகிறவர் அணிக்கு அதிகம் உதவியவர். மிச்சப்பட்ட விக்கெட்டை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப்போக முடியாது. கவாஸ்கர் ஆடியது ஒருநாள் ஆட்டம் என்றாலும் அந்த இன்னிங்ஸின் சிக்கலும் இதுதான்: பஞ்சமே இல்லாத பொருளைக் கஞ்சத்தனமாகக் காத்தார். டெஸ்டில் நிலைமை தலைகீழ். அங்கே பந்து வந்துகொண்டே இருக்கும். போன விக்கெட் திரும்பாது. விஹாரி காத்தது நிஜமாகவே அரிதான பொருளை.

பந்துவீச்சிலும் இதே கதைதான். எதிரணியை இரண்டு முறை சுருட்டாமல் டெஸ்டை ஜெயிப்பது அபூர்வம். அதனால் விக்கெட் எடுக்கிறவர்தான் அங்கே ராஜா. டி20யிலோ ஒருவருக்கு 4 ஓவர்தான். விக்கெட்டே எடுக்காமல் 22 ரன் கொடுத்து முடித்தாலும் அவர் நன்றாக வீசியதாகவே பொருள்.

ஒரே பந்து, இரண்டு விதி

எண்ணை விட்டுவிட்டு இப்போது ஒரு பந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேகப்பந்து வீச்சாளர் ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, குட் லெங்த்தில் குத்தி, லேசாக வெளியே எடுத்துப் போகிறார்.

டி20 மட்டையாளர் என்ன செய்வார்? முன்காலை லெக் பக்கம் விலக்கி, கை வீச இடம் உண்டாக்கி, முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றுவார். சரியாகப் பட்டால் கவர் தலைக்கு மேல் பவுண்டரி. சரியாகப் படாமல் விளிம்பில் பட்டால்கூடப் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். ஏனென்றால் கீப்பருக்குப் பக்கத்தில் எட்ஜைப் பிடிக்க நிற்கும் ஸ்லிப்பில் பெரும்பாலும் ஆளே இருக்காது. முதல் ஆறு ஓவரான பவர்பிளேயில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர்தான் நிற்கலாம். அந்த எட்ஜ் தேர்ட் மேன் பக்கம் நாலு ரன்னாகக்கூடப் போய்விடும்.

அதே பந்து, அதே வீச்சு, டெஸ்டில். மூன்று ஸ்லிப், ஒரு கல்லி. அதே எட்ஜ் இரண்டாம் ஸ்லிப் கைக்குள். பெவிலியன் திரும்ப வேண்டியதுதான்.

ஆக ஷாட்டில் பெரிய தப்பு இல்லை. தவறுக்கான தண்டனைதான் மாறியிருக்கிறது. டெஸ்டில் அந்தப் பந்துக்கு நல்ல விடை ஒன்றுமே செய்யாமல் இருப்பது. மட்டையை உயர்த்தி, பந்தைக் கீப்பருக்கு விட்டுவிடுவது. இந்த 'விடுதல்' ஒரு தனிக் கலை. ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்பது திரும்பிப் பார்க்காமலே உடம்புக்குத் தெரிய வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து டி20 ஆடிய ஒருவருக்கு அந்த இடத்துக்கு வரும் பந்தைப் பார்த்தாலே கை தானாக நீளும். அவரிடம் "விடு, விடு" என்று சொல்வது எளிது. கையை அடக்குவதற்கு நாள் பிடிக்கும்.

இதையே வாழ்க்கையாகச் செய்தவர் சேதேஷ்வர் புஜாரா. 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் நான்கு டெஸ்டில் 1,258 பந்து ஆடி 521 ரன் எடுத்தார். அந்த மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை வென்றது அப்போதுதான். 103 டெஸ்ட் ஆடிய அவருக்குக் கிடைத்த ஒருநாள் ஆட்டங்கள் ஐந்து. சர்வதேச டி20 ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு வடிவத்துக்கென்றே ஆள் இருப்பதை டி20 கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன் ஒருநாள் ஆட்டத்தில் 53க்கு மேல் சராசரி வைத்திருந்தும் டெஸ்டில் 18 ஆட்டத்தோடு நின்றுபோனார். கொல்கத்தா டெஸ்டில் 281 அடித்த லக்ஷ்மண் ஒரு உலகக் கோப்பை ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை.

உடம்பின் கணக்கு

மட்டையாளர்களின் சிக்கல் பழக்கம். பந்துவீச்சாளர்களின் சிக்கல் எலும்பு. என்னைக் கேட்டால், வடிவங்களுக்கு இடையிலான சமநிலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். ரசிகர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைத்தான்.

டி20யில் ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு 24 பந்து. டெஸ்டில் ஒரே நாளில் 18 ஓவர் வீசினால் 108 பந்து. மறுநாள் காலை மீண்டும் அதே ஓட்டம், அதே குதிப்பு. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில் அறையும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் அந்தக் காலில் ஏறி, இடுப்பு முறுகி, கீழ்முதுகு எலும்பில் போய் இறங்குகிறது. எலும்பு அதைத் தாங்கப் பழகும்; ஆனால் படிப்படியாகத்தான். வாரத்துக்கு 50 பந்து வீசிக்கொண்டிருந்தவர் திடீரென்று 250 பந்து வீசினால் ஆபத்து அந்தத் தாவலில்தான் இருக்கிறது. நிறைய வீசுவதைவிட, திடீரென்று கூட்டி வீசுவது மோசம்.

பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்கில் டெஸ்டில் அறிமுகமாகி, ஏழு விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். அவருடைய அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சி. நடுவில் போன ஐந்து வருடத்துக்கு முக்கியக் காரணம் முதுகு எலும்புக் காயங்கள். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் முழங்கை, முதுகுக் காயங்களால் நான்கு ஆண்டுக்கு மேல் டெஸ்ட் ஆடாமல் இருந்து 2025 ஜூலையில்தான் திரும்பினார்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2025இல் இங்கிலாந்தில் நடந்த ஐந்து டெஸ்டிலும் ஆடிய முகமது சிராஜ் 185 ஓவருக்கு மேல் வீசினார். பந்துக் கணக்கில் அது 1,100ஐத் தாண்டும். டி20யில் அத்தனை பந்து வீச 46 ஆட்டம் வேண்டும். ஓவலில் கடைசி நாள் காலை 6 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை ஜெயிக்க வைத்ததும் அவர்தான். அதே தொடரில் பும்ரா, முன்கூட்டியே சொன்னபடி, மூன்று டெஸ்டில் மட்டும் ஆடினார். "நாட்டுக்காக ஆட ஓய்வா?" என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எல்லா உடம்பும் ஒன்றல்ல. பும்ராவின் குறுகிய ஓட்டமும் விசித்திரமான கை வீச்சும் முதுகுக்கு என்ன விலை வைக்கின்றன என்பது, அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவருக்குத்தான் தெரியும்.

எந்தப் பக்கம் தாவுவது கடினம்?

டெஸ்டிலிருந்து டி20க்கு மாறுவதும் டி20யிலிருந்து டெஸ்டுக்கு மாறுவதும் சமமான வேலை அல்ல. டி20க்குப் போகிறவர் புதிய ஷாட்டும் வேகம் குறைந்த பந்தும் காலடியில் குத்தும் யார்க்கரும் கற்றுக்கொள்ள வேண்டும். டெஸ்டுக்கு வருகிறவர் பழையதை அடக்கவும், நீண்ட நேரம் நிற்கவும், உடம்பைப் பழக்கவும் வேண்டும். பின்னதற்கு அதிக நாள் தேவை. அந்த நாள்தான் அட்டவணையில் இல்லை.

2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஐபிஎல் இறுதி ஆட்டம் மழையால் தள்ளிப்போய் மே 30 அதிகாலையில் முடிந்தது. ஓவலில் டெஸ்ட் தொடங்கியது ஜூன் 7. இந்திய அணியில் பலர் இரண்டு மாதம் டி20யின் வெள்ளைப் பந்தோடு இருந்துவிட்டு, ஒரு வாரத்தில் இங்கிலாந்து டெஸ்டுகளின் சிவப்பு டியூக்ஸ் பந்துக்கு மாற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸ், ஸ்டார்க் அந்த ஆண்டு ஐபிஎல் ஆடவில்லை. ஸ்டீவ் ஸ்மித் இங்கிலாந்திலேயே சசெக்ஸ் கவுண்டி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் 121 அடித்தார். ஆஸ்திரேலியா 209 ரன் வித்தியாசத்தில் வென்றது. தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்தே கவுண்டி ஆடிய புஜாராவும் பெரிதாக ரன் எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் போதாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்காக "டி20 ஆடி வந்தவன் டெஸ்டுக்கு லாயக்கில்லை" என்று முத்திரை குத்துவதும் தவறு. டேவிட் வார்னர் ஒரு முதல்தர ஆட்டம்கூட (பல நாள் ஆட்டம்) ஆடாமல் 2009இல் ஆஸ்திரேலிய டி20 அணிக்கு வந்து 43 பந்தில் 89 அடித்தவர். பத்து ஆண்டு கழித்து அடிலெய்டில் டெஸ்டில் 335 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார். பும்ராவை நாடு கவனித்தது ஐபிஎல் வழியாக. 2016இல் வெள்ளைப் பந்து அணிக்கு வந்தார். டெஸ்ட் தொப்பி 2018 ஜனவரியில் கேப் டவுனில்தான் கிடைத்தது. இருவருக்கும் நடுவில் சில ஆண்டு அவகாசம் இருந்ததைக் கவனியுங்கள்.

அணிகள் செய்து பார்த்தவை

இங்கிலாந்தின் கதை இதில் நல்ல பாடம். 2015 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறிய அவமானத்துக்குப் பிறகு, ஒருநாள், டி20 என்ற வெள்ளைப் பந்து ஆட்டங்களுக்கென்று தனிக் கவனம் கொடுத்தார்கள். ஆயன் மார்கன் தலைமையில் 2019இல் உலகக் கோப்பையை வென்றார்கள். அந்தக் கவனத்துக்கு நடுவே டெஸ்ட் அணி தேய்ந்தது. 2022 தொடக்கத்தில் 17 டெஸ்டில் ஒன்றே ஒன்றில்தான் வெற்றி. உடனே பயிற்சியாளர் பதவியை இரண்டாகப் பிரித்தார்கள். டெஸ்டுக்கு பிரெண்டன் மெக்கல்லம், வெள்ளைப் பந்துக்கு மேத்யூ மாட். டெஸ்ட் அணி துள்ளி எழுந்தது. அந்தக் கோடையில் எட்ஜ்பாஸ்டனில் 378ஐ விரட்டி வென்றது. அதே ஆண்டில் டி20 உலகக் கோப்பையும் கிடைத்தது. சரி, தீர்வு கிடைத்துவிட்டது என்று நினைத்தால், 2023 ஒருநாள் உலகக் கோப்பையில் ஒன்பது ஆட்டத்தில் ஆறு தோல்வி, ஏழாம் இடம். 2025இல் இரண்டு பதவியும் மறுபடி ஒரே கைக்கு, மெக்கல்லத்திடம் வந்தன. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வை இது.

ஆள்வளம் உள்ள அணிக்கு வேறு வழி உண்டு. 2021 ஜூலையில் கோலி தலைமையில் டெஸ்ட் அணி இங்கிலாந்தில் இருந்தபோது, ஷிகர் தவன் தலைமையில், ராகுல் திராவிட் பயிற்சியில் இன்னொரு இந்திய அணி இலங்கையில் வெள்ளைப் பந்து ஆடியது. எல்லா நாட்டாலும் இது முடியாது. 2024 பிப்ரவரியில் உள்நாட்டு டி20 லீக்கும் நியூசிலாந்து டெஸ்ட் தொடரும் மோதியபோது, தென்னாப்பிரிக்கா முன்னணி வீரர்களை லீக்கில் விட்டுவிட்டு, ஒரு டெஸ்ட்கூட ஆடியிராத நீல் பிராண்டைத் தலைவராக்கி அனுப்பியது. இரண்டு டெஸ்டிலும் தோல்வி. வாரியத்தின் வருமானம் அந்த லீக்கை நம்பி இருந்தது. குறை சொல்வது எளிது, அவர்கள் இடத்தில் நிற்பது கடினம். அதே தென்னாப்பிரிக்கா 2025இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி டெஸ்ட் சாம்பியன் ஆனபோது நான் மனதார மகிழ்ந்தேன். டெஸ்ட் கிரிக்கெட் மீது அந்த வீரர்களுக்கு இருந்த ஆசை, அட்டவணை போட்டவர்களுக்கு இருந்ததைவிடப் பெரியது.

பணத்தின் பங்கைச் சொல்லாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. நான்கு ஓவர் வீசி நன்றாகச் சம்பாதிக்க முடியும் என்றால், நாளுக்கு 20 ஓவர் வீச ஏன் ஒருவர் முன்வர வேண்டும்? இந்திய வாரியம் 2024 மார்ச்சில் இதற்கு ஒரு பதில் தேடியது. ஒரு டெஸ்டுக்கான 15 லட்சம் ரூபாய் ஊதியத்துக்கு மேல், பருவத்தின் முக்கால்வாசி டெஸ்டுக்கு மேல் ஆடுபவருக்கு ஆட்டத்துக்கு 45 லட்சம் வரை ஊக்கத்தொகை. எல்லா வாரியங்களிடமும் அந்த அளவு பணம் இல்லை.

ஒருநாள் ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுப்பாலம். பாதி நேரம் டெஸ்ட் மூளை, பாதி நேரம் டி20 கை. நடு ஓவர்களில் ஒன்று, இரண்டு என்று ரன்னைத் திரட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவருவது அந்தப் பாலம் ஒடுங்குவதன் அடையாளம்.

ஒரே அணிக்குள்

சமநிலை என்றால் ஒவ்வொரு வீரரும் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதல்ல. பதினோரு பேருக்குள் வெவ்வேறு குணம் கலந்திருந்தால் போதும். சிட்னி டிராவுக்கு எட்டு நாள் கழித்து, 2021 ஜனவரி 19 அன்று, அதே தொடரின் கடைசி டெஸ்டில், பிரிஸ்பேனில் அதைப் பார்த்தோம்.

அந்த அணியே ஒரு கலவை. வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகப் போன நடராஜன், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமாகி, இந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். மூன்று ஆண்டாக முதல்தர ஆட்டமே ஆடாத வாஷிங்டன் சுந்தர் அறிமுக டெஸ்டில் 62 அடித்து, ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் சேர்த்தார். டெஸ்டுக்கு மாற நாள் பிடிக்கும் என்று நான் மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி நாள், இலக்கு 328. ஷுப்மன் கில் 91 அடித்து வழி திறந்தார். மறுமுனையில் புஜாரா. பந்து ஹெல்மெட்டில் பட்டது, விரலில் பட்டது, விலாவில் பட்டது. வலியில் மட்டையைக் கீழே போட்டு நின்றவர், எடுத்து மறுபடி நின்றார். 211 பந்தில் 56. அந்தத் தொடரின் நான்கு டெஸ்டிலும் ஓய்வில்லாமல் ஆடிவந்த கம்மின்ஸ், ஹேசல்வுட், ஸ்டார்க் மூவரும் அவருக்காக ஓடி ஓடி வீசினார்கள்.

80 ஓவர் முடிந்து இரண்டாம் புதிய பந்து வந்ததும் புஜாரா கம்மின்ஸிடம் வீழ்ந்தார். ஸ்கோர் 4 விக்கெட்டுக்கு 228. மீதம் 100 ரன், ஏறக்குறைய 20 ஓவர். நான்கு நாளுக்கு மேலாக விக்கெட்டுக்குப் பஞ்சமாக இருந்த ஆட்டத்தில், அந்த ஒரு நொடியில் பந்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது. அப்போது களத்தில் நின்றவர் ரிஷப் பண்ட். களைத்த கால்களோடு ஓடிவந்தவர்களை அவர் அடித்தார், இறங்கி அடித்தார், விழுந்து அடித்தார். 97ஆவது ஓவரில் ஹேசல்வுட் வீசிய பந்தை நேராகத் தட்டிவிட, அது எல்லைக்கோட்டைத் தொடுவதற்கு முன்பே இந்திய வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.